முல்லர் என்னும் பெயர்

மேனாட்டு வடமொழி அறிஞருள் நம்மவர் நாவிலே மிகுதியும் பயின்ற பெயர் மாக்ஸ் முல்லர் என்பது. இருக்கு வேதத்தைச் சாயணர் உரையோடு ஆறு பெருந்தொகுதிகளாக 1849 தொடக்கம் 1874 வரை ஒக்ஸ்போர்ட் நகரிலிருந்து பதிப்பித்தவர் அவர். அப்பெயரிலே பெற்றோர் இட்ட பெயர் யாது, குடும்பப் பெயர் யாது என வினவினால், மாக்ஸ் என்பது முன்னது, முல்லர் என்பது பின்னது என எவரும் தயங்காது விடையிறுப்பர். ஆயினும் நூற்பட்டியல்களைப் புரட்டும்போது, சிலவற்றில் அவர் முல்லர் என்பதன் கீழும், வேறு சிலவற்றில் மாக்ஸ் என்பதன் கீழும் வைக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். இம்முரணின் காரணத்தை அறியப் புகுந்த எனக்கு, அவ்வறிஞரின் வரலாற்றைக் காட்டிலும் அவர் பெயரின் வரலாறே பெருஞ்சுவை பயப்பதாயிற்று.

அவருடைய முழுப்பெயர் பிரீட்ரிக் மாக்ஸ் முல்லர். ஜேர்மன் நாட்டின் டெசௌ என்னும் ஊரில் 1823ஆம் ஆண்டு பிறந்தார். பிரீட்ரிக் என்பது தாய்மாமன் பெயர். மாக்ஸ் என்பது, அதற்கு இரண்டாண்டு முன்னர் அரங்கேறிப் பெரும்புகழ் எய்திய வேபரின் இசைநாடகமொன்றின் தலைமகன் பெயர். பிற்காலத்தில் அவர் மாக்ஸ் என்பதையும் குடும்பப் பெயரோடு சேர்த்து, மாக்ஸ்முல்லர் என இரண்டையும் ஒரு பெயராகவே வழங்கத் தலைப்பட்டார். முல்லர் என்று மட்டும் சொன்னால் எந்த முல்லர் என்ற கேள்வி எழும். அத்துணை மலிந்த பெயர் அது என்பதே அவர் கருத்து.

அவர் கூறியது மிகையன்று. ஜேர்மனியில் இன்றும் எண்ணிக்கையால் முதலிடம் பெறும் குடும்பப் பெயர் இதுவே. நூறு ஜேர்மானியரை வரிசையாக நிறுத்தினால் அவருள் ஒருவர் முல்லராயிருப்பார் என்று சொல்லலாம். கணக்குப்படி நூற்றுக்கு ஒன்றிற்குச் சற்றே குறைவு. சுவிற்சலாந்திலும் இப்பெயரே முதலாவது. ஒஸ்திரியாவிலோ குரூபர் என்னும் பெயர் முந்திக் கொண்டது.

இத்தகைய கணக்குகளை எவ்வாறு எடுக்கிறார்கள் என்பதும் அறியத்தக்கது. பிரைபேர்க், மைன்ஸ் என்னும் இரு நகரங்களின் பல்கலைக்கழக அறிஞர்கள், 2005ஆம் ஆண்டுத் தொலைபேசிப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு, எப்பெயர் எவ்வூரில் எவ்வளவு செறிந்துள்ளது என்பதைக் காட்டும் தேசப்படத் தொகுதிகளை ஆக்கினர். முதற்றொகுதி 2009இல் வெளிவந்தது. தொலைபேசி என்பது பெரும்பாலும் இல்லத்துக்கு ஒன்று. ஆகவே அப்பட்டியல் தலைகளை எண்ணாது கூரைகளையே எண்ணுகிறது. எனினும் பெயர்களின் பரப்பை அறிய அதுவே போதியது.

இன்னொன்றையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். எழுத்துக்கு எழுத்து எண்ணினாற்றான் முல்லர் முதலாவது. கொல்லன் எனப் பொருள்படும் ஷ்மித் என்ற பெயர் நாலைந்து வகையாய் எழுதப்படுகிறது. அவற்றையெல்லாம் ஒரே பெயரெனக் கொண்டு கூட்டினால் கொல்லரே ஆலைக்காரரை விஞ்சுவர். முல்லரின் முதன்மை ஓரளவு எழுத்துக்கூட்டலின் ஒருமையால் வந்த முதன்மை. இச்சிறு நுணுக்கத்தைப் புள்ளிவிபரம் மட்டும் படிப்போர் காணத் தவறுவர்.

ஆம், ஆலைக்காரர் என்பதே இப்பெயரின் பொருள். தானியத்தை மாவாக்கும் ஆலையை நடத்துபவர் முல்லர். சொல்லை மேலும் அகழ்ந்து நோக்கினால் ஒரு நாகரிக வரலாறு வெளிப்படும். பண்டை ஜேர்மானியர் நம் பாட்டிமாரைப் போலக் கையால் சுழற்றும் திரிகையிலேயே மாவரைத்தனர். அத்திரிகைக்கு அவர்கள் மொழியில் தனிச்சொல் இருந்தது. குவெர்பூர்ட் போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் பதுங்கியிருக்கிறது. நீரின் விசையாற் சுழலும் ஆலையை அந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் உரோமர். பொருளோடு சொல்லும் வந்தது. இலத்தீனில் மோலா என்றால் அரைகல். மொலீனா என்றால் ஆலை. மொலினாரியுஸ் என்றால் ஆலைக்காரன். இக்கடைசிச் சொல்லே பழைய ஜேர்மன் மொழியில் முலினாரி ஆகி, இடைக்காலத்தில் முல்னெர் எனக் குறுகி, பின்பு னகரம் லகரத்தோடு ஒன்றி முல்லர் ஆயிற்று. ஜேர்மனியில் முதலிடம் பெற்ற பெயர் வேரளவில் உரோமருடையது!

முதலெழுத்தின் ஒலியைப் பற்றியும் ஒரு சொல். நாம் முல்லர் என எழுதினும் அங்குள்ள உயிர் உகரமன்று, இகரமுமன்று. உகரத்துக்குக் குவிக்குமாறு இதழைக் குவித்துக்கொண்டு இகரத்தை ஒலித்தால் அவ்வொலி பிறக்கும். தென்பகுதிச் சுவேபியரும் பவேரியரும் இதழைக் குவியாது விட்டு மில்லர் என்பர். வடகடலோரத்தார் மொல்லர் என்பர். ஒல்லாந்தர் முல்டர், மோலனார் என வழங்குவர். அமெரிக்காவிற் குடியேறிய முல்லர்கள் பலர், அங்குள்ளோர் நாவுக்கு இசைய, மில்லர் ஆயினர். மறுமலர்ச்சிக் காலத்துக் கற்றோருக்கோ தாய்மொழிப் பெயர் தாழ்வாகத் தோன்றியது. சிலர் இலத்தீனில் மொலிற்றோர் எனவும், சிலர் கிரேக்க வேர்கொண்டு மிலியுஸ் எனவும் மாற்றிக்கொண்டனர். வானநூல் மேதை யோகான் முல்லர், தாம் பிறந்த கோனிக்ஸ்பேர்க் என்னும் ஊர்ப்பெயரை, அஃதாவது அரசன்மலை என்பதை, இலத்தீனாக்கி ரெகியோமொந்தானுஸ் ஆனார். அவருடைய காலம் 1436 முதல் 1476 வரை. முல்லர் என்ற பெயரோடு நில்லாமற் போனதாலேயே அவர் பெயர் வரலாற்றில் தனித்து நிற்கிறதோ என எண்ணத் தோன்றுகிறது.

அஃதிருக்க, ஆலைக்காரர் பெயர் இத்துணை பெருகியது எதனால்? நாட்டில் மிகுந்திருந்தோர் உழவர் அல்லரோ? விடை எளிது. ஊரே உழவராயிருக்கும்போது ஒருவனை உழவன் என அழைத்துப் பயனில்லை. ஆனால் ஓரூருக்கு ஓர் ஆலை; ஆலைக்கு ஓர் ஆலைக்காரன். யோகான்கள் பத்துப்பேர் வாழும் ஊரில் ‘ஆலைக்கார யோகான்’ என்றால் ஐயமில்லை. ஓரூரில் மிக அருகிய பெயராயிருந்தமையாலேயே நாடு முழுவதும் மிக மலிந்த பெயராயிற்று. பெயரியலில் நான் கண்ட விந்தைகளுள் இதுவே தலையாயது.

ஞானஸ்நானப் பெயர்கள் சிலவாகவும் மக்கள் பலராகவும் ஆனபோது, 12ஆம் நூற்றாண்டளவில் தெற்கு, மேற்கு நகரங்களிலே இவ்வடைமொழிகள் குடும்பப் பெயர்களாக உறையத் தொடங்கின. அவ்வழக்கம் வடக்கும் கிழக்கும் பரவ நூற்றாண்டுகள் சில சென்றன. வடகடலோரத்துப் பிரீசியர் மட்டும் நம்மைப்போலத் தந்தை பெயரையே மகன் பெயரோடு சேர்த்து வழங்கி வந்தனர். 1811இல் நெப்போலியன் ஆணையிட்ட பின்னரே குடும்பப் பெயர் சூடும் கட்டாயம் அவர்கள்மேல் வந்தது. 1876 தொடக்கம் பேரரசெங்கும் பதிவாளர் கந்தோர்கள் ஏற்பட, பெயரின் எழுத்துக்களும் ஆட்டமின்றி நிலைத்தன.

ஆலைக்காரனுக்கு ஊரில் இருந்த மதிப்பு இருபாற்பட்டது. குடியானவன் தன் நிலத்தலைவனுக்குரிய ஆலையிலேயே அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் பல பகுதிகளில் இருந்தது. பிரசியாவில் அது 1810இல் ஒழிந்தது. அரைகூலி காசாகவன்றி மாவாகவே எடுக்கப்பட்டது. பதினாறிலொரு பங்கு என்பது பரவலான அளவு. அளப்பவனும் அவனே, எடுப்பவனும் அவனே. ஊராரின் ஐயத்துக்கு வேறு காரணம் வேண்டுமோ? ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் தனித்து வாழ்ந்தமையும் அவ்வையத்தை வளர்த்தது. சில இடங்களில் தூக்குமரத்துக்கு ஏணி கொடுக்கும் இழிகடமையும் அவன் தலைமேல் விழுந்தது. ஆலைக்காரன் பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்கள் சேர்க்க மறுத்தன. அவர்களை விலக்கலாகாது என 1548இலும் மறுபடி 1577இலும் பேரரசு சட்டம் இயற்ற நேர்ந்தது. ஒரே சட்டம் இருமுறை பிறந்ததெனின், முதன்முறை அதனை எவரும் மதிக்கவில்லை என்பதே பொருள். தொழிலால் வந்த இழிவு தொழிலோடு போகாமல் மக்களையும் தொடர்ந்த கதையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அன்று ஒதுக்கப்பட்ட அத்தொழிலின் பெயரே இன்று ஜேர்மானியப் பொதுமகனின் பெயராயிருக்கிறது. எளிய, சராசரிப் பெண்ணொருத்தியைக் குறிக்க ‘லீஸ்ஷன் முல்லர்’ என்பது அவர்கள் பேச்சு வழக்கு.

பெயர் உறைந்தபின் தொழில் வேறாகிவிட்டது. மாக்ஸ் முல்லரின் தந்தை வில்கெல்ம் முல்லர் (1794-1827) கவிஞர். அவருடைய தந்தையோ தையற்காரர். பெயரில் ஆலை, கையில் ஊசி! எனினும் பெயர் அக்கவிஞரை விட்டபாடில்லை. பெர்லின் நகரில் இளைஞர் சிலர் கூடி, ஆலைக்காரன் மகளைப் பற்றிய பாட்டு நாடகமொன்றை ஒரு பிரபுவின் இல்லத்தில் விளையாட்டாக நடித்தனர். ஆலைத் தொழிலாளியின் பாகம் வில்கெல்முக்கு ஒதுக்கப்பட்டது. பெயர்ப் பொருத்தம் கருதியே. அவ்விளையாட்டில் முளைத்த பாடல்கள் வளர்ந்து ஒரு கோவையாயின. அக்கோவைக்கு 1823இல் பண்ணமைத்தவர் சூபேர்ட். கவிஞரும் இசைஞரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் சந்தித்ததில்லை. ஒருவர் 1827இலும் மற்றவர் 1828இலும் இளமையிலேயே மறைந்தனர்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்றுண்டு. பிரசிய நீதி வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற ஆலைக்காரனின் பெயர் முல்லர் அன்று, ஆர்னோல்ட். மேலோடையில் பிரபு ஒருவர் மீன்குளங்கள் வெட்டியதால் தன் ஆலைக்கு நீர் குறைந்ததென அவன் வாடகை செலுத்த மறுத்தான். 1778இல் ஆலை ஏலத்திற் போயிற்று. வழக்குமன்றங்கள் அவனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 1779இல் மன்னன் இரண்டாம் பிரெடெரிக் சினங்கொண்டு நீதிபதிகளைச் சிறையிலிட்டான். ஏழையின் காவலன் என ஐரோப்பா அவனைப் புகழ்ந்தது. அவன் 1786இல் இறந்தபின், நீதிபதிகள் மீது குற்றமில்லை என்று புதிய அரசன் அறிவித்தான். மன்னனின் இரக்கத்தைப் பாராட்டுவோர் பலர். சிறையிலிருந்த நீதிபதிகளை நினைப்போர் சிலரே. என் நெஞ்சம் பின்னவர்பாற் சாய்கிறது.

இலங்கையராகிய நாம் நன்றியோடு நினைக்கவேண்டிய முல்லர் ஒருவர் உளர். சுவிற்சலாந்தின் பேசல் நகரத்து இரசாயன அறிஞர் போல் முல்லர், டீ.டீ.ரீ. என்னும் மருந்து பூச்சிகளைக் கொல்லும் என 1939இல் கண்டறிந்தார்; 1948இல் நோபல் பரிசு பெற்றார். 1934-35இல் மலேரியாவால் நம் நாட்டுக் கிராமங்கள் பட்டபாட்டை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உலகப்போர் முடிந்ததும் வீடுகள்தோறும் அம்மருந்து தெளிக்கப்பட, 1963இல் நாடெங்கும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. பின்னர் நோய் மீண்டதும், மருந்தின் தீமைகள் வெளிப்பட்டதும், வேறு முறைகளால் 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடெனச் சான்று பெற்றதும் தனிக்கதை. ஆயினும் மருந்தின் பெயரை அறிந்தோர் அவர் பெயரை அறிந்திலர்.

அரசியலிலும் இப்பெயரின் மலிவு இடர் விளைத்தது. 1919இல் வெர்சேய் உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட இருவருள் ஒருவராகிய எர்மான் முல்லர், பின்னர் இருமுறை நாட்டின் பிரதமராயிருந்தவர். மன்றத்தில் ஏனைய முல்லர்களிடமிருந்து பிரித்தறியத் தம் தொகுதிப் பெயரையும் கூட்டி முல்லர்-பிராங்கன் என அழைக்கப்பட்டார். 2009இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற எர்த்தா முல்லர், ருமேனியாவில் வாழும் ஜேர்மன் சிறுபான்மையிற் பிறந்தவர். அங்கு அப்பெயர் ஒரு குடும்பத்தை மட்டுமன்றி ஓர் இனத்தையும் சுட்டும்.

மீண்டும் ஒக்ஸ்போர்டுக்கு வருவோம். இருக்கு வேதப் பதிப்பின் வடமொழி முகப்பிலே அவ்வறிஞர் தம் பெயரை மோட்சமூலர் எனப் பொறித்தார். மாவரைப்போன் வீட்டின் மூலம் ஆயினான்! ஊர்ப்பெயரையும் விடவில்லை, எருது கடக்கும் துறை எனப் பொருள்படும் ஒக்ஸ்போர்ட், கோதீர்த்தம் ஆயிற்று. பண்டிதர்கள் அப்பெயரை உவந்து வழங்கினர். அவருக்கும் அது உவப்பாகவே இருந்திருக்கும். அவர் 1900இல் காலமானார். அவர் மகன் ஆங்கில அரசின் வெளிநாட்டுப் பணியிற் சேர்ந்து, 1920களில் போலந்து நாட்டுக்குத் தூதராய்ச் சென்றார். அரச ஏடுகளில் அவர் பெயர் வில்லியம் மாக்ஸ்முல்லர் என்றே காணப்படுகிறது. இசைநாடகத் தலைமகன் ஒருவனின் பெயர் அவ்வாறு இரண்டாந் தலைமுறைக்குக் குடும்பப் பெயராய் இறங்கிற்று.