காரி முதல் ரோலக்ஸ் வரை

திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர். அவன் போரிட்டுக் கொன்ற கொல்லிமலை ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. சிறுபாணாற்றுப்படை போகிற போக்கில் இதைச் சொல்லிவிட்டுப் போகிறது. ராஜா பெயர் குதிரைக்கு வந்ததா, குதிரை பெயர் ராஜாவுக்கு ஒட்டிக்கொண்டதா என்று புலவர்கள் அடித்துக்கொள்ளட்டும். நைனார்பாளையத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. திருக்கோவிலூர் இருக்கும் அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலத்துப் பக்கம் இருக்கும் இந்த ஊரில், கறுப்பு மாட்டைக் காரி என்று கூப்பிட்டவர்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தச் சீமையில் பிராணிகளின் பெயருக்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட வீரனுக்கு வைத்தது. பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கி, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்ததையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இந்தளூரில் ஒரு சண்டைச் சேவலுக்கு நடுகல் உண்டு, பெயர் பொற்கொற்றி. அரசலாபுரத்துச் சேவலுக்கும் கல் இருக்கிறது, ஆனால் தனிப்பெயர் இல்லை. முகையூர் மேற்சேரிக்காகச் சண்டை போட்ட கோழி, அவ்வளவுதான் அடையாளம். ஊர்ப் பெருமைக்காகச் செத்தும் பெயர் கிடைக்கவில்லை, பாவம்.

நைனார்பாளையத்தில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பெயர் வைப்பது பெரிய யோசனை எதுவும் கேட்காத வேலை. மாட்டைப் பார்த்தால் போதும், பெயர் அதன் மேலேயே எழுதியிருக்கும். சிவப்பு என்றால் செவலை. சாம்பல் பூத்த வெள்ளை என்றால் மயிலை. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சுட்டி. வால் குட்டையானது கூழை. கொம்பு முளைக்காதது மொட்டை. பள்ளு நூல்களில் மாடுகளைப் பட்டியல் போடும் இடத்தைப் புரட்டினால் கொம்பு, நிறம், மறு என்று இதே வழிதான். புலவர் கொஞ்சம் அலங்கரித்திருப்பார். வெள்ளிக்கிழமை பிறந்த கிடாரி மட்டும் விதிவிலக்கு. அது கறுப்போ சிவப்போ, லட்சுமிதான்.

பெயருக்கு வேலை இருந்தது. ஏர் ஓட்டுகிறவரின் ஒரு கை மேழியில், இன்னொரு கையில் தார்க்குச்சி. இரண்டு மாடும் ஒரே நுகத்தடியில். வலது பக்கத்து மாடு சுணங்கினால் அடிக்க வேண்டியதில்லை, "ஏய், மயிலை!" என்று ஒரு அதட்டல் போட்டால் மயிலை எட்டி வைக்கும், செவலை காதை மட்டும் அசைத்துவிட்டுத் தன்பாட்டுக்கு நடக்கும். இரண்டு மாட்டுக்கும் ஒரே மாதிரி ஒலிக்கிற பெயர் இருந்தால் சால் கோணும். அதனால்தான் அந்தப் பெயர்கள் எல்லாம் இரண்டு மூன்று எழுத்தில், ஒரு மூச்சில் கத்தக்கூடியவையாக இருந்தன. கரைக்கு மறுபக்கம் மேயும் மாட்டை நாலெழுத்துக்கு மேல் யாரும் கூப்பிட்டதில்லை.

இதில் நாசூக்கும் உண்டு. வீட்டுக்காரர் பெயரையோ மாமனார் பெயரையோ வாயால் சொல்லாத பெண்கள் இருந்த காலம். மாமனார் பெயர் மணி என்று வையுங்கள். வாசலில் படுத்திருக்கும் நாயும் மணியாக இருந்துவிட்டால் மருமகள் அதைச் சோற்றுக்கு எப்படிக் கூப்பிடுவாள்? ஒன்று நாய்க்குப் பெயர் மாறும், அல்லது அவள் ஆயுசுக்கும் "தோ, தோ" என்றே ஓட்டுவாள். பகையாளியின் பெயரை நாய்க்கு வைத்து, அவர் தெருவில் போகும்போது பார்த்துக் கூப்பிட்டு, பஞ்சாயத்து வரை போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. வெள்ளைக்காரன் திப்பு சுல்தான் மேல் இருந்த கோபத்தில் நாய்களுக்கு டிப்பு என்று பெயர் வைத்தான் என்றும் சொல்வார்கள். நிஜமோ இல்லையோ, அந்தக் கதையை நம்ப நம் ஆட்களுக்குக் கொஞ்சமும் சிரமம் இருக்கவில்லை.

நாய்தான் முதலில் இங்கிலீஷ் பெயருக்கு மாறியது. கருப்பன், வெள்ளையன், புலி என்று இருந்த இடத்தில் ஜிம்மியும் டாமியும் டைகரும் வந்தார்கள். புலி என்பதும் டைகர் என்பதும் ஒன்றுதான், ஆனால் டைகர் வீட்டுக்குச் சுவரும் கேட்டும் இருக்கும் என்று ஒரு எண்ணம். மாடு மட்டும் கடைசி வரை தமிழிலேயே நின்றது.

அப்புறம் டிராக்டர் வந்தது. மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மரவள்ளிக்கும் நிலத்தைப் புரட்ட உழவு மாடு தேவைப்படவில்லை. தொழுவத்தில் கலப்பினப் பசு வந்து நின்றது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்தது, சில ஈற்றுக்குப் பிறகு கை மாறிவிடும். "என்ன பேரு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் "ஜெர்சிதான்" என்று பதில் வருகிறது. இரண்டு இருந்தால் பெரிய ஜெர்சி, சின்ன ஜெர்சி. கட்டிப்போட்டே தீவனம் வைக்கும் மாட்டை யாரும் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டியதில்லை என்பதும் இதில் சேர்த்தி. மாட்டுக்கு வைத்திருந்த அக்கறை வண்டிக்குப் போய்விட்டது. டிராக்டரின் முகப்பிலும் டிரெய்லரின் பின்னாலும் பார்த்தால் பிள்ளைகள் பெயர் வரிசையாக எழுதியிருக்கும். மாட்டுப் பொங்கலன்று சந்தனம் குங்குமம் அதற்கும் உண்டு.

மாட்டின் பெயர் இருந்த இடத்தில் இப்போது காதுவில்லை தொங்குகிறது. மஞ்சள் வில்லை, 12 இலக்க எண். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி போடுகிற மாட்டுக்கெல்லாம் இந்த எண்ணை மாட்டிக் கணினியில் ஏற்றுகிறார்கள். எந்த ஊசி எப்போது போட்டது, சினைக்கு எப்போது போட்டது என்று எல்லாம் அந்த எண்ணின் கீழே ஏறிவிடும். காப்பீட்டுப் பணம் கேட்டுப் போனாலும் முதல் கேள்வி வில்லை எங்கே என்பதுதான். மாடு செத்த துக்கத்தில் அதை எடுத்து வைக்க மறந்தால் அலைச்சல். குறை சொல்ல ஒன்றுமில்லை. லட்சுமி என்ற பெயரில் மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் பசு இருக்கும், எந்த லட்சுமிக்கு ஊசி போட்டது என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நாய்ப் பக்கம்தான் இன்று பெயர்க் கச்சேரி. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடிய பக் நாய்க்கு ஊர் வைத்த பெயர் ஹட்ச் நாய். கம்பெனி வோடஃபோன் ஆனபோது நாயும் வோடஃபோன் நாய் ஆனது. அதற்குப் பிறகு படம் வெளியாவதும் குட்டிக்குப் பெயர் கிடைப்பதும் சேர்ந்தே நடக்கிறது. 2018க்குப் பிறகு பிறந்தவை, அந்த வருஷம் வந்த பட நாயகன் பெயரில், ராக்கி. 2022இல் ஒரே ஜூன் மாதத்தில் விக்ரமும் 777 சார்லியும் வந்தன. விக்ரம் பட வில்லன் ரோலக்ஸும் சார்லியும் தெருத்தெருவாக நிறைந்தார்கள். அடுத்த வருஷம் லியோ. அந்தப் படத்தில் கழுதைப்புலிக்கு சுப்பிரமணி என்று பெயர். ஏனோ அதை யாரும் நாய்க்கு வைக்கத் துணியவில்லை, தாத்தா பெயர் இடிக்குமோ என்னவோ. நாயின் வயதைக் கேட்க வேண்டாம், பெயரைக் கேட்டால் போதும். முன்பு பெயரைச் சொன்னால் மாடு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. இப்போது பெயரைச் சொன்னால் வீட்டுப் பையன் யாருடைய ரசிகன் என்று தெரிகிறது.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காளைகள் பக்கம் மட்டும் காற்று திரும்பியது. அமைச்சராக இருந்த சி. விஜயபாஸ்கரின் கொம்பன் 2018இல் வாடிவாசல் கட்டையில் மோதி இறந்தபோது பத்திரிகைகள் எல்லாம் பெயர் சொல்லி எழுதின. ஆத்தூர்ப் பக்கம் கூலமேட்டு வாடிவாசலில் அவிழ்த்துவிட வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் கருப்பன் என்றும் கொம்பன் என்றும்தான் வைக்கிறார்கள். சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்க்கும் இளவட்டங்களும் வேங்கை, கரிகாலன் என்று தேடி வைப்பது நல்ல விஷயந்தான். ஆனால் அதில் பாதி, அடுத்தவன் கேட்கட்டும் என்று வைக்கிற பெயர்.

இத்தனைக்கும் நடுவில் பெயரே இல்லாமல் போனது காளைக்கன்று. உழவுக் காலத்தில் காளைக்கன்று விழுந்தால் கொம்பு முளைக்கும் முன்பே பெயர் வைத்து, எந்த மாட்டோடு ஜோடி சேர்ப்பது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். இப்போது கிடாரி என்றால் லட்சுமி, காமாட்சி என்று ஏதாவது உண்டு. காளை என்றால் வீட்டில் சத்தமே இல்லை. பால் கறக்காத வாய்க்கு எத்தனை நாள் தீவனம் போடுவது? "பேரு கீரு வெச்சுடாதீங்கடா" என்று பிள்ளைகளை ஆயா முன்கூட்டியே அதட்டி வைப்பாள். அவர்கள் கேட்பதில்லை. மூன்றாம் நாளே அது ரோலக்ஸ் ஆகி, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள். அதனால் மாட்டு வியாபாரியைப் பகல் பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிடுகிறார்கள். அதுவும் சனி, ஞாயிறு வேண்டாம் என்று சொல்லி.