கணினிக்கும் காவல் வேண்டும்

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, பயிர்க் காப்பீடு, வீட்டு வரி ரசீது ஆகியவையெல்லாம் ஒரு காலத்தில் காகிதக் கட்டுகளாக இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. இன்று இவற்றுள் பெரும்பாலானவை கணினி வழியே நடைபெறுகின்றன. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'இ-கிராம் சுவராஜ்' தளத்தில் பஞ்சாயத்துகளின் திட்டங்களும் கணக்குகளும் பதிவாகி வருகின்றன. பிள்ளைகளின் படிப்பிற்காக வாங்கிய கணினியை விவசாயிகளின் இல்லங்கள் பலவற்றிலும் காண்கிறோம். கைப்பேசி இல்லாத வீடோ அரிது. வசதி பெருகியது போலவே அதன் வழியாக நுழையும் திருடரும் பெருகிவிட்டனர். இரும்புப் பெட்டியைப் பூட்டத் தவறாத குடும்பத்தினர்கூடக் கணினியின் கதவை அகலத் திறந்து வைத்திருக்கின்றனர். இந்நிலை மாற வேண்டுமானால், திருடன் வரும் வழிகளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தீநிரல் என்பது யாது?

கணினி தானாக எதையும் செய்வதில்லை. மனிதர் எழுதிவைத்த கட்டளைகளின்படியே அது இயங்குகிறது. இக்கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்று பெயர். கேடு விளைவிக்கும் எண்ணத்துடன் எழுதப்பட்ட நிரலே தீநிரல் ஆகும். 'வைரஸ்' என்று பொதுவாக வழங்கப்படுவது இதில் ஒரு வகை. அது ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்பிற்குத் தொற்றிப் பரவும். வேறொரு வகை, கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளே தங்கி, நாம் தட்டும் கடவுச்சொற்களை ஒற்றன்போல் வெளியே அனுப்பும். மூன்றாவது வகை மிகக் கொடியது. அது கோப்புகளையெல்லாம் எவரும் படிக்க முடியாதவாறு பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டும்.

இம்மூன்றாம் வகையின் கொடுமையை உலகம் 2017-ஆம் ஆண்டு கண்டது. அவ்வாண்டு மே 12-ஆம் நாள் பரவத் தொடங்கிய 'வான்னாகிரை' என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. பூட்டைத் திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளின் பணி தடைப்பட்டது. அயல் நாடுகளோடு அது நின்றுவிடவில்லை. நமது அண்டை மாநிலமான கேரளத்தில், வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களின் கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் அதற்கு இரையாயின. சிறிய ஊர் அலுவலகத்தை எவன் தேடி வரப்போகிறான் என்ற எண்ணம் சரியன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. தீநிரல் ஊரைப் பார்த்து வருவதில்லை. திறந்த கதவைப் பார்த்தே வருகிறது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. அத்தீநிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அதாவது, நோய் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னரே மருந்து வந்துவிட்டது. அதனை இட்டுக்கொண்டவர் தப்பினர். ஒத்திப்போட்டவரே பெரும்பாலும் அவதியுற்றனர்.

கணினியைக் காக்கும் முறைகள்

முதலாவதாக, கணினியின் இயக்க மென்பொருள் புதுப்பித்தல் கேட்கும்போது 'பிறகு' என்று தள்ளிவிடாமல் உடனே இசைவு தரவேண்டும். விண்டோஸ் 7 வகைக்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் நாளோடும், விண்டோஸ் 10 வகைக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடும் முடிந்துவிட்டன. இத்தகைய கணினியை வைத்திருப்போர் புதிய வகைக்கு மாற வழியுண்டா என்று விசாரித்தறிதல் நலம். மாறும் வரையில், வங்கிப் பணிகளை அதில் செய்யாதிருப்பதே பாதுகாப்பு.

இரண்டாவதாக, விலையின்றிக் கிடைக்கிறதே என்று கள்ள மென்பொருளை ஏற்றலாகாது. சான்றட்டை இல்லாத விதையை வாங்கி விதைத்தவன் வயலில் பயிரோடு களையும் முளைப்பது போல, கள்ள மென்பொருளோடு தீநிரலும் கலந்து வரும். பிறர் தரும் பென் டிரைவைச் செருகியவுடன், எதையும் திறக்குமுன் நச்சுத்தடுப்பு மென்பொருளால் சோதிக்க வேண்டும். இன்றைய விண்டோஸ் கணினிகளில் அத்தகைய தடுப்பு உள்ளேயே அமைந்திருக்கிறது. அதனை அணைத்து வைக்காமலிருந்தால் போதும். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்னும் மையமும் தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக அளிக்கிறது.

மூன்றாவதாக, கடவுச்சொல் நீளமாக இருத்தல் வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து வைத்தால் நினைவிலும் நிற்கும். பிறர் ஊகிக்கவும் இயலாது. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் ஊரறிந்தவை. ஒரே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வைப்பது, ஒரே சாவியால் வீட்டையும் களஞ்சியத்தையும் பூட்டுவதை ஒக்கும்.

நான்காவதாக, முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். அறுவடை நெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டுகிற விவசாயியும் விதைநெல்லை மட்டும் வேறிடத்தில் காப்பான். பிரதி எடுத்த வட்டை எப்போதும் கணினியோடு இணைத்தே வைத்திருந்தால் தீநிரல் அதனையும் பூட்டிவிடும். ஆகவே பணி முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுதல் வேண்டும். இப்பிரதி இருக்குமானால் மிரட்டுவோருக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவையே எழாது. பணம் கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

ஆளை ஏமாற்றும் வழிகள்

கணினியின் பூட்டை உடைப்பதைவிட, அதற்குரியவரையே ஏமாற்றித் திறக்கச் செய்வது எளிது என்பதை மோசக்காரர் அறிந்திருக்கின்றனர். அவர்களிடம் இரண்டே ஆயுதங்கள் உண்டு. ஒன்று ஆசை, மற்றொன்று அச்சம்.

பிரதமரின் விவசாயி நிதித் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வழங்கப்படுவதை எல்லோரும் அறிவர். தவணை நின்றுவிட்டது, இச்செயலியை ஏற்றினால் கிடைக்கும் என்று வாட்ஸ்அப் வழியே ஒரு கோப்பு வருகிறது. பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருக்கும். அதனை ஏற்றிக் கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை அது படிக்கும்; வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் நேரே திருடனின் கைக்குப் போய்ச் சேரும். அரசின் செயலி எதுவும் முன்பின் அறியாதவர் அனுப்பும் வாட்ஸ்அப் கோப்பாக வருவதில்லை.

கணினித் திரையில் திடீரென்று 'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று தோன்றுவதும் உண்டு. அழைத்தால், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை ஏற்றச் சொல்வர். ஏற்றியபின் கணினி அவர்களுடையது. அச்செய்தியில் கண்ட எண்ணை அழைக்கலாகாது. உலாவியை மூடிவிட வேண்டும்.

காவல்துறை உடையில் காணொளியில் தோன்றி, 'நீங்கள் டிஜிட்டல் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள், எவரிடமும் சொல்லாதீர்கள், பணத்தை அனுப்புங்கள்' என்று மிரட்டுவது மற்றொரு முறை. இந்தியச் சட்டத்தில் அத்தகைய கைது கிடையாது. எந்த அதிகாரியும் தொலைபேசி வழியே கைது செய்வதில்லை. விசாரணைக்காகப் பணம் மாற்றச் சொல்வதுமில்லை. யு.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுப்பதற்கே உரியது. பெறுவதற்கு அது தேவையில்லை என்பதையும் வீட்டிலுள்ள முதியோர்க்கு விளங்கச் சொல்ல வேண்டும். விரல் ரேகை வைத்துப் பணம் எடுப்போர், ஆதார் ஆணையத்தின் செயலி வாயிலாகத் தம் ரேகையைப் பூட்டி வைத்து, தேவையானபோது மட்டும் திறந்துகொள்ளலாம்.

பணம் போய்விட்டால்

வெட்கத்தினால் மறைத்து வைப்பதே மோசக்காரனுக்குச் செய்யும் பேருதவியாகும். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை; பல கணக்குகளுக்குத் தாவி, முடிவில் ரொக்கமாக எடுக்கப்படுகிறது. எடுக்கப்படுமுன் தடுத்தால் மீட்க வழியுண்டு. ஆகவே உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். கணக்கு எண், பரிமாற்ற எண், நேரம், தொகை ஆகியவற்றைச் சொன்னால், பணம் சென்ற வங்கிகளுக்குச் செய்தி அனுப்பி அதனை நிறுத்திவைக்க முயல்வர். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். தத்தம் வங்கிக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் நாள் வணிக வங்கிகளுக்கு விடுத்த அறிவுரையில், வாடிக்கையாளர் தாமே ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்திருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியையே சாரும் என்று வகுத்தது. ஒவ்வொரு நிமிடத்திற்கும் விலை உண்டு என்பது இதனால் விளங்கும்.

தீநிரல் தாக்கிய கணினியாயின், முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பிரதி வைத்துள்ள வட்டை அதில் செருகவே கூடாது.

பஞ்சாயத்துகளின் கடமை

பஞ்சாயத்துக் கணினியில் இருப்பது ஊராரின் பணமும் ஊராரின் விவரமும் ஆகும். தலைவர் பொறுப்பில் இருந்தாலும், தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும், எண்மக் கையொப்பச் சாவியையும் அதன் ரகசிய எண்ணையும் ஒருவரிடமே விட்டுவைப்பது முறையன்று. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார் உண்டோ? கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பதும் அதற்கு ஒப்பானதே. அலுவலகக் கணினியில் விளையாட்டும் திரைப்படமும் ஏற்றலாகாது. பொறுப்பிலுள்ளவர் மாறும் நாளிலேயே கடவுச்சொற்களையும் மாற்றிவிட வேண்டும். வாரம் ஒரு நாளைக் குறித்து, அன்று கோப்புகளுக்குப் பிரதி எடுத்ததைப் பதிவேட்டில் எழுதி வைத்தல் நன்று.

இவற்றுள் எதற்கும் பெரும் செலவில்லை. ஒழுங்கும் சிறிது விழிப்புமே வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்கி, புதிதாகக் கிளம்பியுள்ள மோசடிகளை மக்களுக்கு எடுத்துரைக்க உறுப்பினர்கள் முன்வர வேண்டும். குடிநீர்த் தொட்டி, நியாயவிலைக் கடை, பால் சங்கம் ஆகிய இடங்களின் சுவர்களில் 1930 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க ஒரு டப்பா வர்ணம் போதும். ஆண்டு முழுவதும் பாடுபட்டுச் சேர்த்த ஒரு குடும்பத்தின் பணத்தை அது காக்குமானால், பஞ்சாயத்து செய்த செலவுகளுள் அதனினும் பயனுள்ள செலவு வேறு இராது.