காலடி மண்ணில் ஒரு மருந்துக்கடை



பல நாள் வெயிலுக்குப் பிறகு ஒரு மாலையில் மழை தூறத் தொடங்குகிறது. வாசலில் காயும் துணிகளை எடுக்க ஓடும்போதே மண்வாசனை மூக்கைத் துளைக்கிறது. அந்த வாசனை மழைநீருக்கும் உரியதன்று, வெறும் மண்ணுக்கும் உரியதன்று. மண்ணுக்குள் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அதற்கு முக்கியக் காரணம். கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்களைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். இவற்றுக்கும் நம் வீட்டுக் கோழிக்கும், கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைக்கும் ஓர் உறவு உண்டு. அது என்ன உறவு என்பதைப் போகப்போகப் பார்ப்போம்.

ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குக் கெடுதல் செய்யாதவை; பல நமக்காகவே உழைப்பவை போலத் தோன்றும். ரப்பர்க் கன்றும் செம்பனைக் கன்றும் நட்ட புதுக்காட்டில், மண்ணை மூடிப் படரும் அவரையினக் கொடிகளை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். கொடியில் ஒன்றை மெதுவாகப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கடுகு போலவும் மிளகு போலவும் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு நிறம் இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடிக்கு உணவாக்கித் தருகிறது. கொடி அதற்குச் சர்க்கரை தருகிறது. மூட்டை மூட்டையாக நாம் தூக்கிப் போடும் உரத்தில் உள்ள அதே சத்து, இங்கே சத்தமில்லாமல் தயாராகிறது. எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியபோது, பாடப்புத்தகத்தில் ஒரு வாரம் படித்தும் ஏறாதது ஐந்து நிமிடத்தில் ஏறியது.

எல்லா நுண்ணுயிரும் நல்லதல்ல. ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு வெள்ளை வேர் நோயைத் தெரிந்திருக்கும். வெட்டிச் சாய்த்த பழைய மரத்தின் அடிக்கட்டையில் அந்தப் பூஞ்சை தங்கியிருக்கும். அங்கிருந்து வெள்ளை நூல் போன்ற இழைகளை விட்டு, பக்கத்திலுள்ள இளம் மரத்தின் வேரைப் பிடிக்கும். இலை மஞ்சளாகி வெளியே அடையாளம் தெரியும்போது, பெரும்பாலும் வேர் கெட்டுப் போயிருக்கும். ஆகவேதான் கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்கும் அந்த முதுகொடியும் வேலை. நடும் குழியில் கந்தகத் தூள் போடும் வழக்கமும் உண்டு. கந்தகம் அந்தப் பூஞ்சையை நேராகக் கொல்வதைவிட வேறொரு வகையில் உதவுகிறது. அது மண்ணைப் புளிப்பாக்குகிறது. புளித்த மண்ணில் டிரைக்கோடெர்மா போன்ற வேறு பூஞ்சைகள் செழிக்கின்றன. அவை வெள்ளை வேர்ப் பூஞ்சையை எதிர்த்து அடக்குகின்றன. எதிரிக்கு எதிரியை வளர்த்துவிடும் தந்திரம் என்று சொல்லலாம்.

இந்தச் சண்டைதான் நம் பேச்சின் நடுப்பொருள். மண்ணுக்குள் இடத்துக்கும் உணவுக்கும் ஓயாத போட்டி. அந்தப் போட்டியில் சில நுண்ணுயிர்கள் பக்கத்திலிருப்பவற்றைத் தடுக்க ஒருவகை நஞ்சைச் சுரக்கின்றன. அதைத்தான் மனிதன் எடுத்து ஆண்டிபயாட்டிக் மருந்தாக்கினான். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டெடுத்தார். நாம் மண்வாசனை என்று சொன்னோமே, அந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்திலிருந்து வந்தது அது. காசநோய்க்கு அதற்கு முன் சரியான மருந்தே இல்லை. 1952-இல் நோபெல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று, மாணவருக்குப் பங்கில்லை. ஆசிரியராக இருந்துகொண்டு இதைச் சொல்ல நமக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு மருந்தின் கதை நமக்கு மிக அருகில் தொடங்குகிறது. 1950-களின் தொடக்கத்தில், போர்னியோத் தீவின் உள்காட்டிலிருந்து ஒரு சமயப் பணியாளர் கொஞ்சம் மண்ணை எடுத்து, அமெரிக்காவின் எலி லில்லி மருந்து நிறுவனத்தில் வேலை செய்த தம் நண்பருக்கு அனுப்பினார். நம் சபாவும் சரவாக்கும் இருக்கும் அதே தீவுதான். அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வான்கோமைசின் என்ற மருந்து கிடைத்தது. முதலில் தயாரித்தபோது அது பழுப்பாகக் கலங்கியிருந்ததால் 'மிசிசிப்பிச் சேறு' என்று கேலி செய்தார்களாம். 1958-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மற்ற மருந்துகள் தோற்றுப்போன பிறகு மருத்துவர்கள் கையில் எடுக்கும் மருந்துகளில் இன்றும் அது ஒன்று.

சரி, நஞ்சைச் சுரக்கும் உயிர் தன் நஞ்சாலேயே சாகாமல் இருப்பது எப்படி? அதற்கு மாற்றுத் தற்காப்பும் அதனிடமே இருக்கிறது. அக்கம்பக்கத்து உயிர்கள் சிலவும் அந்தத் தற்காப்பைக் கற்றிருக்கின்றன. கனடாவின் யூக்கோன் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணை ஆராய்ந்த அறிவியலார், வான்கோமைசினைத் தோற்கடிக்கும் மரபணு அதில் இருந்ததை 2011-இல் வெளியிட்டார்கள். மனிதன் மாத்திரை செய்வதற்கு எவ்வளவோ காலம் முன்பே எதிர்ப்புச் சக்தி மண்ணில் இருந்திருக்கிறது.

அப்படியானால் பழியை மண்மீதே போட்டுவிடலாமா? முடியாது. காட்டு மண்ணில் அது ஆயிரத்தில் ஒன்றாய், ஒரு மூலையில் கிடந்தது. அதைப் பெருக்கிவிட்டது நாம்தான். ஐரோப்பாவில் அவோபார்சின் என்ற மருந்தைக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். நோய்க்காக அல்ல, சீக்கிரம் எடை ஏறுவதற்காக. அவோபார்சின் வான்கோமைசினுக்கு உறவுக்கார மருந்து. ஆகவே ஒன்றை எதிர்க்கப் பழகிய கிருமி மற்றொன்றையும் எதிர்த்தது. அந்தப் பண்ணைக் கோழிகளின் குடலில் வான்கோமைசினுக்கு அடங்காத கிருமிகள் இருப்பது தெரிந்ததும் டென்மார்க் 1995-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலும் அதைத் தடை செய்தன. 2015-இல் இதே போன்ற செய்தி சீனாவிலிருந்து வந்தது. இம்முறை கொலிஸ்டின் என்ற கடைசி நேர மருந்து. நம் மலேசியாவிலும் 2019-இல் கால்நடைத் தீவனத்தில் அதைக் கலப்பதற்குத் தடை வந்தது.

ஒரு கிருமி கற்றதை மற்றொன்று எப்படிப் பெறுகிறது? தேர்வு மண்டபத்தில் ஒரு பையன் விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி மேசைக்கடியில் தள்ளிவிடுகிறான் அல்லவா? ஏறக்குறைய அதேதான். பாக்டீரியாக்கள் சிறு வளையமாகச் சுருண்ட மரபுப் பொருளை ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கொள்கின்றன. உறவினமாக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. மண்ணிலுள்ள சாதுவான பாக்டீரியாவிடம் இருக்கும் சீட்டு, சுற்றிச் சுற்றி, புண்ணில் சீழ் வைக்கும் கிருமியின் கைக்கும் போய்ச் சேரலாம்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் பின்புறம் பிள்ளைகளோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கோழி வளர்த்தோம். ஒரு வாரம் கோழிகள் கழுத்து மடங்கி, வெள்ளையாகக் கழிந்து, ஒவ்வொன்றாக விழுந்தன. ஓர் அம்மா, தம் மகனுக்குக் கொடுத்து மிஞ்சியிருந்த கேப்சூல்களைக் கொண்டுவந்து, "சார், இதைத் தண்ணீரில் கரைத்து வையுங்கள், எங்கள் கோழிக்கு இதைத்தான் வைப்போம்" என்றார். நாங்களும் வைத்தோம். அறிவியல் பாடம் நடத்துகிறவர்கள்தாம் வைத்தோம். கோழிகள் பிழைக்கவில்லை. பிறகு விசாரித்ததில் அது வெள்ளைக் கழிச்சலாகத்தான் இருக்கும் என்றார்கள். அந்த நோய் வைரஸால் வருவது. ஆண்டிபயாட்டிக் மருந்துக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு உரியது முன்கூட்டியே போடும் தடுப்பு மருந்து.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கோழி குடித்த மருந்தில் ஒரு பங்கு அப்படியே எச்சத்தில் வெளியேறும். அந்த எச்சத்தைத்தான் நாங்கள் கீரைப் பாத்தியில் கொட்டியிருந்தோம். மருந்தும், மருந்தைத் தாங்கிப் பிழைத்த கிருமியும் சேர்ந்து மண்ணுக்குப் போயின. அதே ஆண்டில் எங்கள் மாணவன் ஒருவனுக்குக் காலில் சங்கூல் பட்ட வெட்டு முதல் மருந்துக்கு ஆறாமல், மருத்துவமனையில் இரண்டு வாரம் ஊசி போட்டு ஆறியது. அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை; நாமும் கோழிக்கூட்டின் மீது பழி போடவில்லை. ஆனால் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவிடம் பேசிவிட்டு வந்த அன்று, அந்தக் கீரைப் பாத்தியை முன்போலப் பார்க்க முடியவில்லை.

இப்போது எங்கள் பள்ளியில் எச்சத்தைப் பச்சையாகப் பாத்தியில் போடுவதில்லை. காய்ந்த இலை, புல், சமையல் கழிவு ஆகியவற்றோடு அடுக்கி, இடுப்புயரக் குவியலாக்கி, ஈரம் குறையாமல் வைக்கிறோம். சில நாளில் குவியலின் நடுவில் சூடு ஏறும். கையை விட்டால் வைத்திருக்க முடியாத அளவு சூடு இருக்க வேண்டும். 55 பாகைக்குமேல் பல நாள் நின்றால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை மடியும், மருந்தின் மிச்சமும் ஓரளவு சிதையும். முழுவதும் போய்விடும் என்று சொல்வதற்கில்லை. வெளிப்புறத்தில் இருந்தது உள்ளே போகும்படி மூன்று நான்கு முறை புரட்ட வேண்டும். இது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. ஆவி பறப்பதைப் பார்க்கவே ஓடி வருவார்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் வகுப்புக்குள் விடுவதில்லை.

மிஞ்சிய மாத்திரைகளைக் கோழிக்கும் வைக்காதீர்கள், வீட்டுப் பின்னால் ஓடும் கால்வாயிலும் கொட்டாதீர்கள். அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஆண்டிபயாட்டிக் என்றால் மிஞ்சவே கூடாது; காய்ச்சல் விட்டதும் நாமாக நிறுத்திவிடாமல், மருத்துவர் எத்தனை நாள் என்றாரோ அத்தனை நாளும் கொடுக்க வேண்டும். தடிமனுக்கும் இருமலுக்கும் அந்த மருந்தைத்தான் வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குவதும் வேண்டாம். அவையும் பெரும்பாலும் வைரஸ் வேலைதான்.

ஒரு பெற்றோர் நம்மிடம் கேட்ட கேள்வியைச் சொல்லி முடிக்கிறோம். "கடையில் மூட்டையாக விற்கும் கோழி எரு எப்படி, சார்?" மூட்டையைப் பிரித்ததும் மூக்கை எரிக்கும் நெடி வந்தால் அது இன்னும் சரியாக மக்கவில்லை. நம் குவியலில் சேர்த்து மீண்டும் சூடேற விட்டுவிட்டு, பிறகு கத்தரிக்கும் வெண்டைக்கும் போடலாம். பச்சையாகத் தின்னும் வல்லாரைக்கும் கீரைக்கும் அதைத் தள்ளியே வைப்போம்.