வயிற்று அறுவைக்குப் பிந்தைய வலிதணிப்பில் மரப்பு மருந்துகள்: ஓர் ஒப்பீட்டு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

வயிற்று அறுவைக்குப் பின் வலி தணிக்கப் பயன்படும் லிடோகெய்ன், புப்பிவகெய்ன், லெவோபுப்பிவகெய்ன், ரோப்பிவகெய்ன் ஆகிய நான்கு மருந்துகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. மருந்தின் சிறப்பை மதிப்பிடும்போது அதன் நீடிப்போடு இதயத்திற்கான பாதுகாப்பையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது இதன் கருத்தாகும்.

முன்னுரை

வயிற்றில் அறுவை செய்யப்பெற்றவர் வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் தயங்குவார். அதனால் நுரையீரலில் சளி தேங்கித் தொற்று நேரலாம். மார்பின் போன்ற அபினி வகை மருந்துகளை மட்டும் நம்பினால் குமட்டல் உண்டாகலாம், குடலியக்கம் மந்தமாகும், மூச்சும் தளரக்கூடும். அவற்றின் தேவையைக் குறைக்க மரப்பு மருந்துகள் துணைபுரிகின்றன. இவற்றையும் 'மயக்க மருந்து' என்றே வழங்குதல் பொருள்மயக்கம் தரும். நோயாளி நினைவோடு இருக்க, மருந்து சென்ற பகுதி மட்டுமே மரத்துப்போகிறது. ஆதலின் 'மரப்பு மருந்து' என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

செயற்படும் முறை

நரம்பிழையிலுள்ள சோடிய வாயில்கள் திறந்தால்தான் வலிக்குறிப்பு மூளை நோக்கிச் செல்லும். மரப்பு மருந்து அவ்வாயில்களை அடைக்கிறது. கொழுப்பில் மிகுதியாகக் கரையும் மருந்து ஆற்றல் மிக்கது. புரதத்தோடு இறுகப் பிணையும் மருந்து நெடுநேரம் நீடிப்பது.

மருந்துகளின் ஒப்பீடு

சுவீடனில் 1943இல் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கிய லிடோகெய்ன் சில நிமிடங்களில் செயற்படத் தொடங்கும். காயத்தைச் சுற்றிச் செலுத்தினால் ஓரிரு மணி நேரமே நிலைக்கும். அந்நாட்டிலேயே 1957இல் உருவான புப்பிவகெய்ன் சற்றுத் தாமதித்துத் தொடங்கிப் பல மணி நேரம் நீடிக்கும்.

இந்நீடிப்பிற்கு ஒரு விலையுண்டு. சோடிய வாயில்கள் இதயத்திலும் உள்ளன. லிடோகெய்ன் அவற்றைவிட்டு விரைந்து நீங்குகிறது. புப்பிவகெய்னோ இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் முழுதும் நீங்குவதில்லை. எனவே, அது தவறுதலாக இரத்தக்குழாயுள் சென்றால் இதயம் நின்றுபோகலாம். இவ்வபாயத்தை 1979இல் ஜார்ஜ் ஆல்பிரைட் மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தார்.

புப்பிவகெய்ன், ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான இரு மூலக்கூறு வடிவங்களின் கலவை. அவற்றுள் வலவடிவமே இதயத்தை மிகுதியாகத் தாக்குவது. இடவடிவத்தை மட்டும் கொண்ட லெவோபுப்பிவகெய்னும், ரோப்பிவகெய்னும் இதனாலேயே தோன்றின. ரோப்பிவகெய்ன் தசையியக்கத்தைக் குறைவாகவே தடுப்பதால், முதுகுத்தண்டின் வெளியுறைப் புறத்தே செலுத்தப்படும்போது நோயாளி விரைவில் எழுந்து நடக்க ஏதுவாகிறது. எனினும் அதன் ஆற்றல் புப்பிவகெய்னைவிடச் சற்றுக் குறைவு.

அளவும் இடமும்

உடல் எடையில் கிலோவிற்கு 2 மில்லிகிராம் என்பது புப்பிவகெய்னுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் மேல்வரம்பு. ரோப்பிவகெய்னுக்கு அது 3. 50 கிலோ எடையுள்ளவருக்கு 0.25 விழுக்காட்டுப் புப்பிவகெய்ன் கரைசலை வயிற்றுச் சுவரின் தசையடுக்குகளிடையே பக்கத்திற்கு 20 மில்லிலிட்டர் செலுத்தினால் 100 மில்லிகிராம் ஆகும். வரம்பு அங்கேயே நிறைந்துவிடுகிறது. அதன்பின் தையலிடத்திலும் மருந்திட இயலாது. மேலும், இவ்வூசி தோல், தசை ஆகியவற்றின் வலியையே தணிக்கும். உள்ளுறுப்பு வலிக்குப் பிற மருந்துகளும் வேண்டும்.

முடிவுரை

குறுகிய நேரத் தேவைக்கு லிடோகெய்ன் போதும். நீண்ட வலிதணிப்பிற்குப் புப்பிவகெய்ன் ஏற்றது. மிகுந்த அளவு தேவைப்படும்போதும், இதய நோயுள்ளவரிடத்தும் ரோப்பிவகெய்ன் அல்லது லெவோபுப்பிவகெய்ன் பாதுகாப்பானது. எனினும் இவையும் முற்றிலும் தீங்கற்றவை அல்ல. எம்மருந்தாயினும் எடைக்கேற்ற அளவும், ஊசி இரத்தக்குழாயில் இல்லை என்னும் உறுதியும், செலுத்தியபின் கண்காணிப்பும் இன்றியமையாதன.