ரண சிகிச்சைக்குப் போகும் மாடும் அதன் சொந்தக்காரரும்

நமது கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று மாடு வாங்கிய அங்கத்தினர்கள், அதற்கு நோய் கண்டால் மருந்து வாங்கிக் கொடுக்கப் பின்வாங்குவதில்லை. ஆனால், “ரண சிகிச்சை செய்ய வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்” என்று வைத்தியர் சொன்னவுடன் கலங்கிவிடுகிறார்கள். கத்தி பட்ட மாடு பிழைக்காது என்பது அவர்கள் எண்ணம். உண்மையில், நாளைக் கடத்திக் கடைசி நேரத்தில் கொண்டு வருவதாலேயே பல பிராணிகள் இறந்துபோகின்றன.

ஓர் உதாரணம் கூறுவோம். தீவனத்தோடு கம்பியை விழுங்கிய பசு முதுகைக் கூனி நிற்கும். பள்ளத்தில் இறங்கத் தயங்கும். பால் திடீரெனக் குறையும். கம்பி தங்கும் இரண்டாவது வயிற்றுக்கும் இருதயத்துக்கும் நடுவே மெல்லிய தசைச்சுவர் ஒன்றே உள்ளது. அதைக் கம்பி துளைக்குமுன் வயிற்றைத் திறந்து எடுத்துவிட்டால் மாடு பிழைக்கும்; இருதயத்தைத் தொட்டபின் பிழைப்பது அரிது. இத்தகைய சிகிச்சைகள் 1903-ம் வருஷத்தில் தொடங்கப்பெற்று இப்போது வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி முதலிய இடங்களிலுள்ள கல்லூரிகளிலும் செய்யப்படுகின்றன.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியது பட்டினியாகும். வளர்ந்த பசுவின் முதல் வயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். நிறைந்த வயிற்றோடு மாட்டைப் படுக்க வைத்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். இரை மேலெழுந்து சுவாசப்பைக்குள் போய்விடும். ஆகையால் பெரிய மாட்டுக்குச் சாதாரணமாக 24 மணி நேரமோ அதற்கு மேலோ தீவனத்தை நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் நிறுத்தும் நேரத்தை வைத்தியரிடமே கேட்டுக்கொள்க. பால் குடிக்கும் கன்றை அவ்வாறு நெடுநேரம் பட்டினி போடலாகாது. நாய்க்கு முதல் நாள் இரவு ஆகாரத்தோடு நிறுத்துவது வழக்கம். குட்டியானால் நேரம் இன்னும் குறையும்.

அங்கத்தினர் ஒருவரின் கிடேரிக்குத் தொப்புளில் குடலிறக்கம் ஏற்பட்டிருந்தது. பட்டினி கிடப்பதைப் பார்க்கப் பொறாமல், அவருடைய தாயார் நள்ளிரவில் தவிடு கலந்த கழுநீர் வைத்துவிட்டார். காலையில் வைத்தியர் கேட்டதும் மகன் தலை குனிந்து நிற்க, அந்த அம்மாளே முன்வந்து உண்மையைச் சொன்னார். வைத்தியர் கோபிக்கவில்லை, சிகிச்சையை மறுநாளைக்கு ஒத்திப்போட்டார். கிடேரி பிழைத்தது. தவறு நேர்வது இயல்பு. அதை மறைப்பதே உயிருக்கு உலை வைக்கும்.

சொந்தக்காரர் செய்ய வேண்டியவை வருமாறு: சினைக்கு விட்ட தேதி, கொடுத்த மருந்துகள், போட்ட தடுப்பூசிகள் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிக் கொள்க. இன்ஷூர் செய்த மாடானால் காதுவில்லையின் எண்ணையும் பத்திரத்தையும் எடுத்துச் செல்க. கம்பெனிக்கும் சங்கத்துக்கும் முன்னதாகத் தெரிவித்துவிடுக. வண்டியில் மணலோ வைக்கோலோ பரப்பினால் கால் வழுக்காது. தினமும் பால் கறப்பவரே உடன் செல்வது நல்லது. பழகிய குரலைக் கேட்டால் மாடு மிரளாது. வீட்டிலுள்ள மற்ற மாடுகளைக் கவனிக்க ஆள் ஏற்பாடு செய்க. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு, செலவு என்ன, எத்தனை நாள் தங்க வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீடு திரும்பியபின் தொழுவம் உலர்ந்திருக்க வேண்டும். காயத்தில் ஈ மொய்க்கலாகாது. முதலில் இளம் புல்லைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, அடர்தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டுக. தையல் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்களில் பிரிக்கப்படும்.

இன்னும் ஒன்று சங்கத்தின் நன்மையைப் பற்றியது. சிகிச்சையில் செலுத்தும் கிருமிநாசினி மருந்துகள் பாலில் கலந்து வரும். அப்பால் உறை குத்தினாலும் சரியாகத் தோயாது, உண்பவர்க்கும் தீங்கு. வைத்தியர் குறிக்கும் நாள் வரையில் அதைச் சங்கத்தில் ஊற்றலாகாது. ஒருவர் ஊற்றும் ஒரு படி பால் அத்தனை பேருடைய பாலையும் கெடுத்துவிடும். சில நாள் நஷ்டத்தை அவர் பொறுத்துக்கொள்வதும், அந்த நாட்களில் அவருக்குச் சங்கத்தார் கைகொடுப்பதுமே கூட்டுறவு என்பதாகும்.