பிறந்த கையோடு ஒரு ஊசி

புற்றுநோய்க்குத் தடுப்பூசியா என்று இன்றும் பலர் புருவம் உயர்த்துகிறார்கள். தைவான் அதை 1984-லேயே போட ஆரம்பித்துவிட்டது.

அங்கே அப்போது பெரியவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் இந்த வைரஸ், சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் தங்கி, அதைத் தழும்பேற்றி, சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். அதனால்தான் பிறந்தவுடனேயே ஊசி. முதலில் தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு. 1986 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும்.

பலன் தெரியப் பொறுமை வேண்டியிருந்தது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஆண்டுக்கு லட்சத்தில் 0.70-லிருந்து 0.36 ஆகக் குறைந்ததை 1997-ல் ஓர் ஆய்வு காட்டியது. கிட்டத்தட்ட பாதி!

நம் அரசு மருத்துவமனைகளிலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் இதே தடுப்பூசி இலவசம்.