ஹேண்ட் பிரேக் போடலாமா, கூடாதா? ஊருக்கு ஊர் ஒரு வழக்கம்

டில்லி லஜ்பத் நகர் மார்க்கெட் பக்கம் மாலை ஆறு மணிக்கு மேல் போனால் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். சாலை ஓரமாக ஒரு வரிசை கார்கள் நிற்கும். அந்த வரிசையை அடைத்தபடி இன்னொரு வரிசை நிற்கும். உள்ளே மாட்டிக்கொண்ட காரின் சொந்தக்காரர் பையும் கையுமாகத் திரும்பி வருவார். ஹாரன் அடிக்க மாட்டார். யாரையும் தேட மாட்டார். குறுக்கே நிற்கும் காரில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளுவார். கார் பத்தடி உருண்டு நிற்கும். தம் காரை எடுத்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

தள்ளப்பட்ட காருக்கு உரியவர் வந்தால் சண்டை வருமா? வராது. பிறர் தள்ளட்டும் என்றுதான் அவரே கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்!

தமிழ்நாட்டில் கார் ஓட்டிப் பழகியவருக்கு இது தலைகீழ்ப் பாடம். வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை இழு, கியரில் போடு, கதவைப் பூட்டு என்றுதான் நம் ஊரில் சொல்லிக் கொடுப்பார்கள். அடுத்தவன் வண்டியில் கை வைத்தால் "வண்டியில் ஏன் கை வைக்கிறாய்?" என்றுதான் பேச்சே தொடங்கும்.

பிழைப்புக்காகப் பிற மாநிலங்களுக்குப் போய் முதலாளியின் காரை ஓட்டும் தமிழர்கள் பலர். ஊரில் கற்றதை நம்பி அந்த மார்க்கெட்டில் பிரேக் போட்டுப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், பின்னால் பத்துக் கார்கள் மாட்டிக்கொள்ளும். திட்டு அவருக்கு, புகார் முதலாளிக்கு. ஊர் வழக்கத்தை நம்பிப் பிரேக் போடாமல் விட்டாலோ வேறு வகை ஆபத்து. எனவே எந்த ஊரில் காரை எப்படி நிறுத்துகிறார்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருப்பது வேலையைக் காப்பாற்றும் விஷயம்.

தள்ளுகிற வழக்கம் ஏன் வந்தது?

முதல் காரணம் இடநெருக்கடி. லஜ்பத் நகர் போன்ற குடியிருப்புகள் 1947 பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்காக அமைக்கப்பட்டவை. அவர்களுக்குக் கார் ஏது? வீட்டுக்கு வீடு கார் நிற்கும் என்று எண்ணி யாரும் தெரு போடவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்த பிறகு, நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்கத் தொடங்கின. தெரு அகலவில்லை, கார்கள் பெருகின.

இரண்டாவது காரணம் தரை. டில்லியின் பெரும்பகுதி சமதரை. நியூட்ரலில் விட்ட கார் தானாக ஓடாது, தள்ளினால்தான் நகரும். மேடு பள்ளமான ஊரில் இந்தப் பழக்கம் முளைத்தே இருக்காது.

இது டில்லிக்காரர்களின் தனிச் சொத்தும் அன்று. தென் கொரியாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இடம் கிடைக்காதவர்கள், நிற்கும் கார்களுக்குக் குறுக்கே தங்கள் காரை நியூட்ரலில் விட்டுப் போவது சாதாரணம். அங்கும் வேண்டியவர் தள்ளிக்கொள்வார். ஜப்பான் வேறு வழியில் போயிற்று. 1962-ல் வந்த சட்டப்படி, காரை நிறுத்த உனக்கு இடம் இருக்கிறது என்று அங்கே முதலில் நிரூபிக்க வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடம் இல்லாதவருக்குக் கார் இல்லை!

சட்டம் சொல்வது

டில்லி மார்க்கெட்டில் பார்க்கிங் ஆள் ஓடிவந்து "ஹேண்ட் பிரேக் மத் லகானா!" என்பார். ஹேண்ட் பிரேக் போடாதே என்று பொருள். ஆனால் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

அந்தச் சட்டத்தின் 126-வது பிரிவின் சாரம் இது: பொது இடத்தில் வண்டியை நிறுத்தினால், லைசென்ஸ் உள்ள ஒருவர் டிரைவர் ஸீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டிருக்க வேண்டும். அல்லது ஆள் இல்லாதபோது வண்டி தற்செயலாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். நியூட்ரலில் விட்டுவிட்டுப் போவது இதில் எதிலும் சேராது.

ஏற்கனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் சாலையை அடைத்து இன்னொரு வண்டியை நிறுத்தக் கூடாது என்பதும் 1989-ல் வந்த சாலை விதிகளிலேயே உண்டு. தனித் தண்டனை சொல்லப்படாத இத்தகைய தவறுகளுக்கு, 2019 திருத்தத்தின்படி முதல் தடவை ரூ.500 வரை, அடுத்த தடவை ரூ.1,500 வரை அபராதம் விதிக்கலாம்.

அபராதம் சின்ன விஷயம். யாரோ தள்ளிய கார் உருண்டு ஒரு குழந்தையின் மேல் மோதினால் என்ன ஆகும்? தள்ளியவர் போயே போயிருப்பார். பிரேக் போடாமல் விட்டவர் யார் என்றுதான் முதல் கேள்வி வரும். "இங்கே எல்லாரும் இப்படித்தான்" என்ற பதில் எடுபடாது. வழக்கம் என்பது வழக்குக்கு நிற்காது.

இப்போது வரும் கார்களே இந்த வழக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் 'பி' என்ற நிலைக்குக் கொண்டுவந்தால்தான் சாவியை எடுக்க முடியும். அந்த நிலையில் சக்கரம் உருளாது. பட்டனில் இயங்கும் மின் பிரேக் உள்ள கார்கள் சிலவற்றில், என்ஜினை அணைத்ததும் பிரேக் தானே விழுந்துவிடும். தெரியாமல் தள்ளுகிறவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்வதுதான் மிச்சம்.

'விஷம' தேதி

புனாவில் தொல்லை வேறு மாதிரி. அங்கே பல சாலைகளில் 'பி1', 'பி2' என்று பலகை இருக்கும். ஒற்றைப்படைத் தேதிகளில் சாலையின் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதிகளில் மறு பக்கம் வண்டி நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பி1 ஒற்றைப்படை, பி2 இரட்டைப்படை. இரு பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் நியாயம் கிடைக்கும். சாலையும் ஒரு பக்கம் காலியாக இருக்கும்.

நம்மவர்கள் ஏமாறுவது மராத்தி எழுத்தில். இரட்டைப்படைத் தேதியை 'சம தாரீக்' என்றும், ஒற்றைப்படைத் தேதியை 'விஷம தாரீக்' என்றும் எழுதுவார்கள். 'விஷம' என்றால் விஷமும் இல்லை, விஷமமும் இல்லை. 1, 3, 5 போன்ற ஒற்றை எண்தான். நேற்று நிறுத்திய அதே இடத்தில் இன்றும் நிறுத்திவிட்டு ஆபீசுக்குள் போகிறவரின் ஸ்கூட்டரை, மாலையில் போலீஸ் வளாகத்தில் தேட வேண்டியிருக்கும். 31-ம் தேதிக்கு அடுத்து 1-ம் தேதி வரும்போது இரண்டு நாளும் ஒற்றைப்படை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மலை ஊரின் பாடம்

டில்லியில் பழகிய டிரைவர் முதலாளி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு சிம்லா போனால் பழக்கத்தை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். அங்கே ஹேண்ட் பிரேக் மட்டும் போதாது. கார் ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர். இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். உருண்டாலும் பள்ளத்துப் பக்கம் போகாதபடி முன் சக்கரங்களைத் திருப்பி வைக்க வேண்டும். சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைப்பார்கள்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நடு ரோட்டில் விட்ட கல் அடுத்து வரும் ஸ்கூட்டர்க்காரருக்கு எமன்.

சாவியைக் கொடுக்கலாமா?

பெரிய நகரங்களில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லும் இடங்கள் உண்டு. ஹோட்டல் ஆளே காரை வாங்கிக்கொண்டு போய் நிறுத்துவார். கையில் ஒரு சீட்டுக் கொடுப்பார். 'நஷ்டத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அதில் பொடி எழுத்தில் இருக்கும்.

அந்தப் பொடி எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1998-ல் டில்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் இப்படிச் சாவி கொடுக்கப்பட்ட மாருதி ஜென் கார் திருட்டுப் போயிற்று. 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கிக்கொண்ட ஹோட்டலுக்குக் காரைக் கவனமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு உண்டு. தன் ஊழியர்களின் கவனக்குறைவால் கார் போனால், சீட்டில் அச்சடித்த வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்றது கோர்ட்டு.

கார் கொடுப்பவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹோட்டலில் கார் நிறுத்தும் வேலை பார்ப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாவி மாட்டும் பலகையை விட்டு ஐந்து நிமிஷம் நகர்ந்தாலும் பொறுப்பு நகராது.

வாசல் யாருடையது?

வட இந்திய நகரங்களில் வீட்டு வாசலுக்கு நேரே உள்ள சாலையைத் தன் இடமாகவே கருதுவது வழக்கம். பூந்தொட்டி, செங்கல், ஓடாத ஸ்கூட்டர் எதையாவது வைத்து இடம் பிடிப்பார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இதே எண்ணம் கேட்டில் பலகையாகத் தொங்கும்: "இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்."

கேட்டை மறித்து நிறுத்துவது தவறுதான். அதற்காகப் பிறர் வண்டியின் காற்றைப் பிடுங்க வீட்டுக்காரருக்கு அதிகாரம் கிடையாது. போலீசுக்குத்தான் சொல்ல வேண்டும். கேட்டைத் தாண்டிய சாலையோ பொதுச் சொத்து. தொட்டி வைத்ததால் அது யாருக்கும் பட்டா ஆகாது. ஆனாலும் வாடகைக்கு வந்த புதியவர் தொட்டியைத் தானே நகர்த்தினால் பேச்சு முற்றிக் கைகலப்பாகும். பார்க்கிங் தகராறு உயிரிழப்பில் முடிந்த செய்திகள் தலைநகரப் பகுதியில் வந்தபடியே இருக்கின்றன. ஒரு நாள் இடத்துக்காக அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை.

மும்பையில் சண்டை கட்டடத்துக்குள்ளே நடக்கும். ஃபிளாட் வாங்கும் குமாஸ்தாவிடம், தூண்களுக்கு நடுவே உள்ள கார் இடத்துக்குத் தனி விலை கேட்ட பில்டர்கள் உண்டு. 2010 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு ஒரு முடிவு சொன்னது. அத்தகைய இடமும் திறந்தவெளி கார் இடமும் எல்லாருக்கும் பொதுவானவை; பில்டர் அவற்றைத் தனியாக விற்க முடியாது என்பது தீர்ப்பு. அந்த இடங்களைப் பங்கிட்டுக் கொடுப்பது ஸொஸைட்டியின் வேலை.

டிரைவர் செய்ய வேண்டியது

புது ஊருக்குப் போனதும் சில பழக்கங்கள் உதவும். கோடு போட்ட இடம் கிடைத்தால் பிரேக் போட்டு, கியரில் விட்டுப் பூட்டலாம். அங்கே யாரும் தள்ளக் கேட்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் தெரியும்படி டெலிபோன் நம்பரை எழுதி வைத்தால் பாதிச் சண்டை தீரும். கூப்பிட்டால் ஓடிவரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முதலாளி கடைக்குள் போக, நிறுத்த இடமே இல்லாதபோது, சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸீட்டை விட்டு இறங்காமல் இருப்பதுதான் அது. ஆள் ஸீட்டில் இருந்தால் காரைத் தள்ள யாரும் தேவையில்லை; சொன்ன நொடியில் நகர்த்தலாம். 126-வது பிரிவுக்கும் பழுதில்லை. ஆனால் நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்பதற்கு அதுவும் அனுமதிச் சீட்டு ஆகாது. போலீஸ்காரர் கை காட்டினால் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியதுதான். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.